அமுக்கிய காற்றும் உலோக மூட்டுகளும்

உலைக்களத்துத் துருத்தி தமிழருக்கு நெடுங்காலமாகப் பழகிய கருவி. தோலை அமுக்கக் காற்று வெளிப்படும், கரி கனலும். அத்துருத்தியின் தையல் பிரிந்தால் கொல்லனுக்கு வேலை கெடுமேயன்றி உயிர்க்கு ஊறு நேராது. இன்று பட்டறைதோறும் நிற்கும் காற்றமுக்கியின் நிலை அத்தகையதன்று. கம்பிரசர் என்று எல்லாரும் வழங்கும் அவ்வியந்திரம், சூழவுள்ள காற்றை எட்டில் ஒரு பங்காக ஒடுக்கிக் கலனில் அடைக்கின்றது. வண்டிச் சக்கரத்துக்குக் காற்றேற்றுவதும், இறுகிய நட்டுகளைக் கழற்றுவதும், சாயம் தெளிப்பதும், ஆலைகளில் வால்வுகளைத் திறந்து மூடுவதும் இவ்வாறு அமுக்கிய காற்றின் வேலையே.

காற்றைத் தேக்கி வைக்கும் கலன், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டது. அது சோதிக்கப்படல் வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். ஆனால், அக்கலனிலிருந்து புறப்பட்டுச் சுவரோரமாகச் செல்லும் குழாய்களை ஒன்றோடொன்று பிணைக்கும் மூட்டுகளைத் தெரிந்தெடுக்கும் பொறுப்போ, பெரும்பாலும் கடைக்குச் சென்று வரும் பையனிடம் விடப்படுகின்றது. "தம்பி, அரை அங்குல எல்போ நாலு வாங்கிட்டு வா" என்பார் பட்டறை முதலாளி. இரும்புச் சாமான் கடைக்காரர் தண்ணீர்க் குழாய்ப் பெட்டியில் கைவிட்டு நான்கை எடுத்துத் தருவார். வேலையும் முடிந்துவிடும். நீருக்குப் பொருந்தும் மூட்டு காற்றுக்கும் பொருந்தும் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. அந்நம்பிக்கை எவ்விடத்தில் பிழைபடுகின்றது என்பதை அறிந்தால், மூட்டைத் தெரிந்தெடுக்கும் முறை தானே விளங்கும்.

நீரும் காற்றும் ஒரே அழுத்தத்தில் நின்றாலும் ஒரே தன்மையின அல்ல. 100 லிட்டர் கொள்ளும் கலன் ஒன்றில் நீரை நிரப்பி, 7 பார் அளவுக்கு, அதாவது சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 100 ராத்தல் அளவுக்கு, அழுத்தம் ஏற்றுவதாகக் கொள்க. அந்நீர் சுருங்குவது 30 மில்லிலிட்டர் அளவே; ஒரு சிறு தேநீர்க் கோப்பையைக்கூட நிரப்பாது. கலன் விரிந்தால் அச்சிறு சுருக்கம் நீங்கும். அவ்வளவில் அழுத்தமும் அற்றுப்போகும். சிறிது நீர் பீறிடும், பின் வழியும். அதே கலனில் அதே அழுத்தத்தில் காற்று நிற்குமாயின், அது தன் உருவைப்போல் பல மடங்கு விரியக் காத்திருக்கும் வில்லாகும். அதில் ஒடுங்கியுள்ள ஆற்றல், 50 கிலோ எடையுள்ள ஒரு பொருளை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. நீரில் ஒடுங்கிய ஆற்றலைவிட இஃது ஆயிரக்கணக்கான மடங்கு மிகுதி.

ஆகவே, தண்ணீர்க் குழாயின் மூட்டைப் பற்றி "தாங்குமா?" என்று கேட்டால் போதும். காற்றுக் குழாயின் மூட்டைப் பற்றி இன்னொன்றும் கேட்டல் வேண்டும்: "தாங்காதபோது எவ்வாறு உடையும்?" கிழிந்து சீறும் மூட்டு ஒன்று, சில்லுச் சில்லாகச் சிதறும் மூட்டு மற்றொன்று. முன்னதால் காற்று வீணாகும். பின்னதால் கண் போகும்.

இவ்வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படுவது இரும்பிலேதான். கடைப் பெட்டியில் கறுத்துக் கிடக்கும் இரண்டு முழங்கை மூட்டுகள் பார்வைக்கு உடன்பிறந்தவை போல் இருக்கும். ஒன்று வார்ப்பிரும்பு. மற்றொன்றைக் கடைக்காரர் மேலியபிள் என்பார். இரண்டும் உருக்கி அச்சில் ஊற்றியவையே. சாதாரண வார்ப்பிரும்பில் கரி, மெல்லிய செதில்களாக உள்ளே பரந்து கிடக்கின்றது. ஒவ்வொரு செதிலும் ஒரு சிறு விரிசலுக்கு நிகர். ஓங்கி அடித்தால் விரிசலோடு விரிசல் சேர்ந்து இரும்பு பிளந்துவிடும். மேலியபிள் இரும்போ வார்த்த பின்னர் மீண்டும் சூளையில் நாட்கணக்காகச் சூடேற்றிப் பதப்படுத்தப்படுவது. அதனால் கரி சிறுசிறு உருண்டைகளாகத் திரண்டு ஒதுங்கிவிடுகின்றது. இரும்பு இளகிய தன்மை பெற்று, அடித்தால் நசுங்குமேயன்றி எளிதிற் சிதறாது. பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் இம்முறையை விளக்கி 1722இல் நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் நியூவார்க் நகரத்துச் சேத் பாய்டன் 1826இல் இதன் வேறொரு வகையைக் கண்டார். ரியோமூரின் பெயரை வெப்பமானியோடு சேர்த்துப் பாடமாக்கிய ஆசிரியர்கள், அவர் குழாய் மூட்டுக்கும் தந்தை போன்றவர் என்பதை அறிந்தால் வியப்படைவர்.

இங்கே எண்களை மட்டும் நம்புவோர் இடறி விழுதல் கூடும். அமெரிக்க அளவுகோலின்படி, 125 என்னும் வகுப்பைச் சேர்ந்த வார்ப்பிரும்பு மூட்டு, வெப்பம் மிகாத நிலையில் சதுர அங்குலத்திற்கு 175 ராத்தல் தாங்கும் எனக் கொள்ளப்படுகின்றது. 150 என்னும் வகுப்பு மேலியபிள் மூட்டு அதே நிலையில் 300 ராத்தல் தாங்கும். வகுப்பு எண்கள் நீராவியின் அழுத்தத்தை வைத்து வந்தவை. குளிர்ந்த காற்றுக்குத் தாங்குதிறன் அவ்வெண்ணைவிட மிகுதி என்பதை மறத்தலாகாது. பட்டறைக் காற்று பெரும்பாலும் 100 முதல் 150 ராத்தலுக்குள் அடங்குவது. எண்ணை மட்டும் நோக்கினால் வார்ப்பிரும்பே போதும் என்று தோன்றும். ஆனால், பட்டறையில் மூட்டின்மீது ஏணி சாயும், ஜாக்கி மோதும், குழாயின் முனையில் தொங்கும் ரப்பர் குழலை யாரேனும் வெடுக்கென்று இழுப்பர். எண் இவற்றையெல்லாம் கணக்கிடுவதில்லை. எனவே திருகுமூட்டுகளில் மேலியபிள் இரும்பையோ எஃகையோ கேட்டு வாங்குதலே தக்கது. சிறிது விலை கூடும், அவ்வளவே.

பிளாஸ்டிக் உலோகமன்று எனினும் அதைப் பற்றி ஒரு சொல் கூறாமல் கடக்க இயலாது. வீட்டுத் தண்ணீருக்கு இடும் பி.வி.சி. குழாய் மலிவானது, பசையிட்டு ஒட்டினால் மூட்டும் முடிந்தது. அதன்மேல் பொறித்திருக்கும் அழுத்த எண்ணும் பட்டறைக் காற்றைவிட மிகுதியாக இருக்கும். ஆயினும் அவ்வெண் நீருக்குரியது. காற்றமுக்கியின் சூடும் எண்ணெயும் பட்டு நாளடைவில் நொறுங்குந்தன்மை அடையும் அக்குழாய், உடையும்போது கூரிய துண்டுகளாகப் பறக்கும். டெக்சாசு மாநிலத்து ஆலை ஒன்றில் தொழிலாளி ஒருவர் இவ்வாறு காயமுற்றதை அடுத்து, அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 1988 மே மாதத்தில், தரைக்கு மேல் செல்லும் காற்றுக் குழாய்க்கு மூடாத பி.வி.சி. ஆகாது என்று எச்சரிக்கை விடுத்தது. காற்றுக்கென்றே செய்யப்படும் வேறுவகைப் பிளாஸ்டிக்குகள் உண்டு. தண்ணீர்க் குழாய் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

இனி, அந்த "அரை அங்குலம்" என்னும் சொல்லுக்கு வருவோர் பெரிதும் குழம்புவர். அரை அங்குலக் குழாயை அளவுகோல் வைத்து அளந்தால் அரை அங்குலம் அதில் எவ்விடத்தும் கிடைக்காது. வெளிவிட்டம் 21.3 மில்லிமீட்டர், நடுத்தரக் கனமுள்ள குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர் ஆயிற்றே! பழங்காலக் குழாய்களின் உள்விட்டத்தைக் குறித்த பெயர், குழாய்ச் சுவரின் கனம் மாறிய பின்னரும் பெயராகவே நின்றுவிட்டது. நாற்காலிக்கு மூன்று கால் இருந்தாலும் நாற்காலி என்றே வழங்குவது போன்றதே இது. ஆதலின், கடைக்குச் செல்லும் பையன் வெளிவிட்டத்தை அளந்து 21 மில்லிமீட்டர் மூட்டுக் கேட்பானாயின் கடைக்காரர் விழிப்பார். தவறு பையனுடையது மட்டும் அன்று.

பெயர்க் குழப்பத்திலும் பெரிது புரிக் குழப்பம். மூட்டின் உட்புறமும் குழாயின் முனையும் திருகுபுரிகளால் ஒன்றையொன்று பற்றுகின்றன. இங்கிலாந்தின் விட்வொர்த் 1841இல் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. அவ்வழி வந்ததே பி.எஸ்.பி. என்னும் பிரிட்டிஷ் குழாய்ப்புரி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தண்ணீர்க் குழாய் தொடங்கிப் பட்டறைக் குழாய் வரை பெரும்பாலும் வழங்குவது இதுவே. அமெரிக்கர் இராபர்ட் பிரிக்ஸ் வகுத்த புரியை ஏற்றனர். 1886இல் அதுவே அவர்தம் பொது அளவாயிற்று. அதன் கோணம் 60 பாகை. இன்று என்.பி.டி. என வழங்குவது அதன் வழித்தோன்றல். அமெரிக்காவிலிருந்து வரும் காற்றமுக்கிகளிலும் அளவிகளிலும் என்.பி.டி. புரி இருத்தல் உண்டு. அதனருகே கடைப் பெட்டியின் பி.எஸ்.பி. மூட்டு வந்து சேருமிடத்தில்தான் இடர் தொடங்குகின்றது.

கால் அங்குலத்தில் பிரிட்டிஷ் புரி ஓர் அங்குல நீளத்துக்கு 19. அமெரிக்கப் புரி 18. ஓர் அங்குலக் குழாயில் 11க்கு 11½. இரண்டு சுற்றுச் சுற்றியவுடன் இவை முரண்டு பிடிக்கும், கைக்கே தெரிந்துவிடும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலுமோ இரண்டிற்கும் புரி 14! மூட்டு இனிதாக ஏறும், இறுகும், வேலை முடிந்தது என்று கை சொல்லும். ஆனால் 55 பாகைப் பள்ளத்தில் 60 பாகை மேடு முழுமையாகப் படியாது. சுருள்வழியாக ஒரு மெல்லிய சந்து எஞ்சி நிற்கும். நாடாவை மேன்மேலும் சுற்றி அச்சந்தை அடைக்க முயல்வர் சிலர். அது சில நாள் நிற்கும். பின்னர் இயந்திரத்தின் அதிர்வில் சீறத் தொடங்கும். இன்னும் இறுக்கினால் மூட்டின் வாய் பிளக்கும். முரண்டு பிடிக்கும் பகைவனைவிட இணங்கி நிற்கும் இப்பகைவனே கொடியவன். இரண்டையும் இணைத்தே ஆகவேண்டுமாயின், ஒரு முனையில் ஒரு புரியும் மறுமுனையில் மற்றொரு புரியும் கடைந்த இணைப்புத் துண்டு விற்கின்றது; அதை வாங்குதலே முறை.

பிரிட்டிஷ் புரியிலும் இருவகை உண்டு. குழாய் முனையில் கடைவது 16க்கு 1 என்னும் விகிதத்தில் ஒடுங்கிச் செல்லும் கூம்புப்புரி. அது ஏற ஏறத் தானே இறுகிக் காற்றை அடைக்கும். வால்வுகளிலும் உருளைகளிலும் காணப்படும் நேர்புரி எவ்வளவு திருகினும் புரியால் அடைக்காது. முகத்தில் வாசர் வைத்து அடைத்தல் வேண்டும். நேர்புரி ஆண்மூட்டுக்கு நாடா சுற்றி வாசரை மறந்துவிடுதல் பட்டறைகளில் நாள்தோறும் நடக்கும் பிழை. நாடாவைச் சுற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. புரியின் முனையைத் தன்னை நோக்கிப் பிடித்து, கடிகார முள் செல்லும் திசையில் சுற்றுதல் வேண்டும். முதற் புரியை வெறுமையாக விடுதல் வேண்டும். இல்லையேல் நாடாவின் கிழிசல் காற்றோடு சென்று கருவியின் சிறு துளையில் அடைத்துக்கொள்ளும். கருவி பழுதென்று எண்ணி அதைக் கழற்றிப் பார்ப்போர் உள்ளே வெள்ளைத் துணுக்கைக் கண்டு திகைப்பர்.

அமுக்கிய காற்றுக் குழாயில் நீர் ஓடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மலாயத் தீபகற்பத்தின் காற்று ஈரம் மிக்கது. 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு எண்பது ஈரப்பதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக உள்ளது. அத்தகைய 8 கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டராக ஒடுக்கி மீண்டும் 30 பாகைக்கு ஆறவிட்டால், அது தாங்கக்கூடிய ஆவி 30 கிராம் அளவே. உட்சென்றதோ 190 கிராமுக்கும் மேல். எஞ்சிய 160 கிராம் எங்கே போகும்? நீராகக் குழாயில் இறங்கும். நிமிடத்திற்கு ஒரு கன மீட்டர் காற்றை இழுக்கும் பட்டறைக் காற்றமுக்கி, உலர்த்தும் கருவி இல்லையேல், எட்டு மணி நேர வேலையில் ஏறத்தாழ 10 லிட்டர் நீரை இவ்வாறு பிழிந்து தருகின்றது! குளிர்நாட்டு நூல்களில் காணும் அளவுகளை அப்படியே இங்குப் பின்பற்றுவோர் இதைக் கருதுவதில்லை.

இந்நீர் எளிய நீரன்று. காற்றமுக்கியின் எண்ணெயும், காற்றிலுள்ள புகையும் கலந்து சற்றே புளித்த தன்மையுடையது. கறுப்பு இரும்புக் குழாய் இதில் துருப்பிடிக்கும். அதற்கு அஞ்சி நாகம் பூசிய ஜி.ஐ. குழாயை நாடுவர். அதிலும் ஒரு குறை உண்டு. புரி கடைந்த இடத்தில் பூச்சு போய்விடுகின்றது. துரு அங்கேயே தொடங்கும். உட்புறப் பூச்சு நாளடைவில் செதிலாக உரிந்து காற்றோடு புறப்பட்டால் வால்வுகளையும் கருவிகளையும் கீறும். சாயம் தெளிக்கும் இடத்துக்கு ஜி.ஐ. குழாயைத் தவிர்த்தல் நன்று. சக்கரத்துக்குக் காற்றேற்றும் கடைக்கு வடிகட்டியோடு அது போதும்.

எவ்வுலோகமாயினும் மூட்டு அமையும் திசை நீரை ஆளும். தலைமைக் குழாயை 100 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் சரித்து, தாழ்ந்த முனையில் வடிகுழாய் வைத்தல் வேண்டும். கிளைக் குழாய்க்குரிய டீ மூட்டின் வாயைக் கீழ்நோக்கி வைப்போர் பலர், வேலை எளிது. அவ்வாறு வைத்தால் தலைமைக் குழாயின் நீரெல்லாம் முதற் கருவிக்கே படையலாகும். டீயின் வாயை மேல்நோக்கி வைத்து, இரு முழங்கை மூட்டுகளால் அன்னத்தின் கழுத்துப்போல் வளைத்துக் கீழே இறக்கினால், காற்று மட்டும் ஏறி வரும். நீர் தன் வழியே போகும். இரண்டு மூட்டுகளின் விலையில் ஒரு கருவியின் ஆயுள் நீடிக்கும்.

துருப்பிடிக்காத பித்தளையே எல்லாவற்றிற்கும் மருந்து எனலாமோ? கார்ப் பட்டறையில் அது மிக நன்று. சிறு வால்வுகளும், விரைவில் கழற்றி மாட்டும் இணைப்புகளும் பெரும்பாலும் பித்தளையே. ஆனால், ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த இந்நாட்டில் இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரப்பர்ப்பால் உறையாமல் இருக்க அதில் அம்மோனியா கலக்கின்றனர். பால் தேக்கும் நிலையங்களில் அந்நெடி மூக்கைத் துளைக்கும். அம்மோனியாவும் ஈரமும், இறுக்கத்தால் உள்ளே விசையேறிய பித்தளையும் ஒன்றுகூடினால், பித்தளை ஒருநாள் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினரின் பித்தளைத் தோட்டாக் கூடுகள், மழைக்காலத்தில் குதிரைக் கொட்டிலருகே வைத்திருக்க, தாமே வெடிப்புண்டதைக் கண்டு அக்காலத்தார் இதற்குப் பருவ வெடிப்பு என்று பெயரிட்டனர். கொட்டிலின் கழிவிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல் வெளிவந்த ஆய்வால் தெளிவாயிற்று. பித்தளைக்குக் குதிரைக் கொட்டில் செய்ததையே ரப்பர்ப்பால் நிலையமும் செய்யும்.

மேலும், செம்பு ரப்பருக்கு நஞ்சு. சிறிதளவு செம்பு கலந்தாலும் ரப்பர் விரைவில் பிசுபிசுத்துக் கெடும். பித்தளையில் பெரும்பங்கு செம்பே ஆதலால், அங்கே பித்தளை மூட்டு இருவகையாலும் ஆகாது: பால் பித்தளையைக் கெடுக்கும், பித்தளை பாலைக் கெடுக்கும். அத்தகைய இடங்களில் துருவேறா எஃகு மூட்டே ஏற்றது. அதன் புரிகள் உராய்ந்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் இயல்புடையன. பசையோ நாடாவோ இன்றி முறுக்கினால் பின்னர்க் கழற்ற வாளே வேண்டும்.

செம்புக் குழாய் தூய்மையானது, பற்றவைத்து இணைப்பது. ஆனால் காற்றமுக்கியின் வாயருகே ஈயப் பற்று ஆகாது. ஒரே அடுக்கில் 7 பாருக்கு அமுக்கும் இயந்திரத்திலிருந்து வெளிப்படும் காற்றின் வெப்பம் 150 பாகையைத் தாண்டுதல் உண்டு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 பாகையில் இளகத் தொடங்கும். அதற்கு முன்பே வலிமை குன்றிவிடும். அவ்விடத்தில் வெள்ளி கலந்த வன்பற்றோ எஃகோ வேண்டும். அண்மைக் காலத்தில் அலுமினியக் குழாய்களும், அவற்றோடு வரும் தள்ளிப் பூட்டும் மூட்டுகளும் பரவி வருகின்றன. இலேசானவை, விரைவில் அமைப்பவை. ஒருவர் செய்த குழாய்க்கு மற்றொருவர் செய்த மூட்டு பொருந்துவது அரிது என்பது மட்டுமே வாங்குவோர் கருதவேண்டியது.

மூட்டுகளின் எண்ணிக்கையையும் கணக்கிடல் வேண்டும். ஒவ்வொரு வளைவும் காற்றைத் தடுக்கும். ஒரு முழங்கை மூட்டு ஏற்படுத்தும் தடை, குழாயின் விட்டத்தைப் போல் 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாயின் தடைக்கு ஒப்பாகும். 25 மில்லிமீட்டர்க் குழாயில் இது முக்கால் மீட்டர். டீ மூட்டின் கிளைவழியாகத் திரும்பினால் தடை இருமடங்கு. குளோப் வால்வோ முந்நூறு மடங்குக்கும் மேல். முழுவாய் திறக்கும் பந்து வால்வுக்குத் தடை மிகக் குறைவு. கசிவு வேறு. 3 மில்லிமீட்டர்த் துளை ஒன்று 7 பார் அழுத்தத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ அரை கன மீட்டர்க் காற்றை விழுங்கும்; மேலே கூறிய பட்டறை இயந்திரத்தின் உழைப்பில் பாதி அத்துளைக்கே சரி. பகலில் இரைச்சலில் கேளாத சீற்றம், மாலையில் இயந்திரங்கள் ஓய்ந்தபின் நன்கு கேட்கும். சவர்க்கார நீரைத் தூரிகையால் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் புதிதாகப் பூட்டிய குழாயை முதன்முதலாகக் காற்றாலேயே சோதிப்பது பெரும்பிழை. எல்லாக் காற்றையும் வெளியேற்றி நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்குக்குக் கைப்பம்பால் ஏற்றிப் பார்த்தல் வேண்டும். பலவீனமான மூட்டு அப்போது நீரைக் கக்கி அடங்கும். அதன்பின் நீரை வடித்துவிட்டுக் காற்றேற்றிச் சவர்க்காரக் குமிழியைத் தேடலாம்.

பழுது பார்க்கையில் நேரும் விபத்துகள் பல, மூட்டைக் கழற்றும் கணத்தில் நேர்பவை. 50 மில்லிமீட்டர்க் குழாயின் முனையை அடைத்துள்ள திருகடைப்பை 7 பார் காற்று வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 140 கிலோ. கடைசிப் புரி விடுபடும் வரை அடைப்பு அமைதியாக இருக்கும், விடுபட்டவுடன் பாயும். ஆகவே ஒவ்வொரு கிளையிலும், மூடியவுடன் தன் பின்புறத்துக் காற்றை வெளியே விடும் சிறு துளையுள்ள பந்து வால்வு ஒன்றும், அதற்கப்பால் யூனியன் மூட்டு ஒன்றும் வைத்தல் வேண்டும். வால்வை மூடி, சீற்றம் அடங்கி, அளவியின் முள் சுழியில் நின்ற பிறகே பையனின் கையில் ஸ்பானரைக் கொடுத்தல் வேண்டும்.